ஆக்சிஜனும் ஹாலஜனும் சேர்ந்த சேர்மங்கள்: அடிக்கடி வர்ற கேள்விகளும் என் பதில்களும்

இப்ப கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கறேன், அதுக்கு முன்னாடி தண்ணி சுத்திகரிக்கிற பிளான்ட்ல கொஞ்ச வருஷம் ஷிஃப்ட் பாத்தேன். ரெண்டு இடத்துலயும் இதப் பத்தி வந்தது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். அதான் ஒரேயடியா எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். ஹாலஜன்னா ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் இந்தக் கூட்டம். ஃபார்முலாவ எல்லாம் வாயால சொல்ற மாதிரியே எழுதிருக்கேன், ஓ எஃப் டூ, சிஎல் ஓ டூ அப்படின்னு. படிக்கறப்ப பக்கத்துல ஒரு பேப்பர வச்சு எழுதிப் பாத்துக்கிட்டே வாங்க.

குளோரினையும் ஆக்சிஜனையும் ஒண்ணா அடைச்சு சூடு பண்ணா குளோரின் ஆக்சைடு வந்துடாதா?

வராது. மெக்னீசியத்த கொளுத்துனா ஆக்சைடு ஆயிடுது, கந்தகத்த கொளுத்துனாலும் ஆயிடுது, இது மட்டும் ஏன் ஆகமாட்டேங்குதுன்னு கேப்பாங்க. மெக்னீசியம் ஆக்சிஜனோட சேர்றது பள்ளத்துல உருண்டு இறங்குற மாதிரி, எனர்ஜி வெளிய வரும். குளோரின் ஆக்சிஜனோட சேரணும்னா மேடு ஏறணும். ஒரு மோல் டைகுளோரின் மோனாக்சைடு, அதான் சிஎல் டூ ஓ, அது உருவாக சுமார் 80 கிலோஜூல் உள்ள போகணும், குளோரின் டையாக்சைடுக்கு சுமார் 102 கிலோஜூல். சூடு பண்ணா கூடி வராது, ஏற்கனவே இருக்கறதும் உடைஞ்சு பழையபடி குளோரினும் ஆக்சிஜனுமா பிரிஞ்சுடும், அதுவும் பல நேரம் டமால்னு.

அப்ப எப்படித்தான் செய்றாங்க? சுத்தி வளைச்சுத்தான். மேடு ஏத்தி விட வேற யாராவது கூலி குடுக்கணும். ஹாலஜன்ல பாதிய ஒரு உலோகம் பிடிச்சுக்கும், இல்ல ஹாலஜனே பாதி கீழ இறங்கி மீதிய மேல தள்ளி விடும், இல்ல தண்ணிய வெறியா உறிஞ்சுற ஒரு பொருள் வேலைய முடிக்கும், இல்லன்னா கரண்ட். கீழ வர்ற ஒவ்வொரு தயாரிப்பு முறைலயும் "இங்க கூலி குடுத்தது யாரு"ன்னு மட்டும் கேட்டுக்கிட்டே வந்தீங்கன்னா எந்த சமன்பாட்டையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, நான் பசங்களுக்கு சொல்றதும் இத ஒண்ணுதான்.

ஓ எஃப் டூவ ஏன் "ஃப்ளூரின் ஆக்சைடு"ன்னு சொல்லக்கூடாது?

ஆக்சைடுன்னா அதுல ஆக்சிஜன்தான் எலக்ட்ரான இழுத்து வச்சிருக்கணும். ஃப்ளூரின் கிட்ட ஆக்சிஜனோட பாச்சா பலிக்காது, எல்லா தனிமத்தையும் விட எலக்ட்ரான அதிகமா இழுக்கறது ஃப்ளூரின்தான். அதனால இதுல ஆக்சிஜனோட ஆக்சிஜனேற்ற எண் (எலக்ட்ரான விட்டா பிளஸ், இழுத்து வச்சா மைனஸ்னு போடற கணக்கு) பிளஸ் 2, ஃப்ளூரின் வழக்கம் போல மைனஸ் 1. ஆக, பேரு ஆக்சிஜன் டைஃப்ளூரைடு. மார்க் போறதே இந்த இடத்துலதான், "ஆக்சிஜன் எப்பவும் மைனஸ் 2"ன்னு கண்ண மூடிக்கிட்டு எழுதிடுவாங்க.

அத எப்படி தயாரிக்கறாங்க?

ஃப்ளூரின் வாயுவ ரொம்ப நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியா விடுவாங்க, சுமார் 2 சதவீதம்தான் இருக்கும். ரெண்டு ஃப்ளூரின், ரெண்டு சோடியம் ஹைட்ராக்சைடு, வர்றது ஒரு ஓ எஃப் டூ, ரெண்டு சோடியம் ஃப்ளூரைடு, ஒரு தண்ணி. கூலி குடுத்தது யாருன்னு தெரியுதா? சோடியம் ஃப்ளூரைடா போன அந்த ஃப்ளூரின். காரம் ஏன் அவ்ளோ நீர்த்து இருக்கணும்னா, கொஞ்சம் கெட்டியா இருந்தா வந்த ஓ எஃப் டூவையே அது தின்னுட்டு வெறும் ஆக்சிஜனத்தான் மிச்சம் விடும். 1929ல லெபோ, டாமியன்ஸ்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க முதல்ல இத அறிவிச்சாங்க, அவங்க போன வழி வேற, கொஞ்சம் ஈரம் கலந்த உருகுன ஃப்ளூரைடுல கரண்ட் விட்டாங்க.

"ஃபூஃப்"னு சொல்றாங்களே, அது என்ன?

ஓ டூ எஃப் டூ, டையாக்சிஜன் டைஃப்ளூரைடு. எழுத்த வரிசையா எஃப், ஓ, ஓ, எஃப்னு போட்டா அப்படி வரும், அது வெடிக்கற சத்தத்துக்கும் பேர் பொருந்திப் போச்சு. இங்க கூலி குடுக்கறது கரண்ட். குறைஞ்ச அழுத்தத்துல ஆக்சிஜனையும் ஃப்ளூரினையும் சம அளவு கலந்து, சுத்தி திரவக் காத்து அளவுக்கு, அதாவது மைனஸ் 180 டிகிரி பக்கம் குளிர வச்சு, நடுவுல மின்பொறி விட்டா சுவர்ல ஆரஞ்சு நிறத்துல படியும். 1933ல ரஃப், மென்ட்ஸல் செஞ்சது.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் பிணைப்பு நீளம். நடுவுல இருக்கற ஆக்சிஜன்-ஆக்சிஜன் தூரம் சுமார் 1.22 ஆங்ஸ்ட்ராம், சாதாரண ஆக்சிஜன் மூலக்கூறுல 1.21. அதாவது அது கிட்டத்தட்ட ஆக்சிஜன் மூலக்கூறாவே உக்காந்திருக்கு, ரெண்டு பக்கமும் ஃப்ளூரின் பேருக்கு ஒட்டிட்டு இருக்கு, எப்ப கழண்டு போய் யார கடிக்கலாம்னு. 1963ல ஸ்ட்ரெங்னு ஒருத்தர் இத எதெது கூட சேர்த்தா என்ன ஆகும்னு ஒவ்வொண்ணா செஞ்சு பாத்து ஒரு கட்டுரையே போட்டாரு, மத்த ரசாயனம் எல்லாம் உறைஞ்சு தூங்கற குளிர்லயே இது வெடிச்சிருக்கு. உபயோகம்? அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்துல புளூட்டோனியத்த ஹெக்ஸாஃப்ளூரைடா மாத்த பயன்படுத்திப் பாத்தாங்க, வழக்கமா அதுக்கு பயங்கர சூடு வேணும், இது இருந்தா சூடே வேண்டாம்.

சிஎல் டூ ஓ தயாரிப்புல மெர்குரி எதுக்கு?

1834ல பலார்டு செஞ்சது, புரோமினக் கண்டுபிடிச்ச அதே ஆள். புதுசா வீழ்படிவாக்குன மெர்க்குரிக் ஆக்சைடு மேல குளோரின் வாயு விடணும். ஒவ்வொரு குளோரின் மூலக்கூறும் ரெண்டா பிரியுது, ஒரு பாதிய மெர்குரி குளோரைடா பிடிச்சுக்குது, இன்னொரு பாதி பிளஸ் 1 ஆகி ஆக்சிஜனோட போகுது. மெர்குரி குளோரின விடாப்பிடியா பிடிக்கறதுதான் இங்க கூலி. மெர்குரி கழிவு வேணாம்னு ஈரமான சோடியம் கார்பனேட்டு மேல குளோரின் விட்டும் எடுக்கலாம்.

வர்றது பழுப்பு மஞ்சள் வாயு, 2 டிகிரிலயே திரவம் ஆயிடும், சூடோ பொறியோ பட்டா வெடிக்கும். தண்ணில விட்டா ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆயிடும், அதனாலதான் இத அந்த அமிலத்தோட நீரிலி, அதாவது தண்ணி நீக்குன வடிவம்னு சொல்றோம்.

குளோரைடு, குளோரைட்டு, குளோரேட்டு... மண்ட காயுது. எப்படி ஞாபகம் வச்சுக்கறது?

குளோரைடுல ஆக்சிஜனே இல்ல, மைனஸ் 1. ஹைப்போகுளோரைட்டுல ஒரு ஆக்சிஜன், பிளஸ் 1. குளோரைட்டுல ரெண்டு, பிளஸ் 3. குளோரேட்டுல மூணு, பிளஸ் 5. பெர்குளோரேட்டுல நாலு, பிளஸ் 7. ஒரு ஆக்சிஜன் கூடுனா எண் ரெண்டு கூடும், அவ்ளோதான் கணக்கு.

தமிழ்ல எழுதறப்ப "டு"வுக்கும் "ட்டு"வுக்கும் நடுவுல ஒரே ஒரு புள்ளி எழுத்துதான் வித்தியாசம். பிளான்ட்ல ஒரு தடவ சோடியம் குளோரைட்டு கேட்டு இன்டென்ட் போட்டோம், ஆர்டர் போட்டவரு எங்கயோ சறுக்கிட்டாரு, வந்து இறங்குனது சோடியம் குளோரைடு. மூட்ட மூட்டையா உப்பு! அத பாத்து சிரிக்கறதா அழறதான்னு தெரியல, அன்னிக்கு ராத்திரி ஷிஃப்ட் முழுக்க வெறும் குளோரின வச்சே ஓட்டுனோம். அதுக்கப்புறம் சிஏஎஸ் நம்பர் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனித்தனியா இருக்கற அடையாள எண்) இல்லாம எந்த இன்டென்ட்லயும் நான் கையெழுத்து போட்டதில்ல.

குளோரின் டையாக்சைடு, அதான் சிஎல் ஓ டூ, எப்படி செய்றாங்க? புத்தகத்துக்கு புத்தகம் வேற வேற சமன்பாடு இருக்கே?

எல்லாமே சரிதான், தேவைக்குத் தகுந்த மாதிரி வழி மாறுது.

மொதல்ல கதைய சொல்லிடறேன். 1811ல ஹம்ஃப்ரி டேவி பொட்டாசியம் குளோரேட்டுல ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊத்தி ஒரு மஞ்சள் வாயு எடுத்தாரு, "யூக்ளோரின்"னு பேரும் வச்சாரு, அது உண்மைல குளோரினும் சிஎல் ஓ டூவும் கலந்த கலவை. 1815ல கந்தக அமிலம் ஊத்தி சிஎல் ஓ டூவ தனியா எடுத்தாரு. கந்தக அமில முறை இன்னும் சில புத்தகத்துல இருக்கு, படிங்க, செய்யணும்னு நினைக்காதீங்க. படிகத்து மேல அமிலம் பட்ட உடனே சடசடன்னு வெடிக்க ஆரம்பிக்கும். லேப்ல அதுக்கு பதில் ஆக்சாலிக் அமிலம் போடுவாங்க, அது குளோரேட்ட ஒடுக்குறப்ப, அதாவது எலக்ட்ரான் குடுத்து எண்ண கீழ இறக்குறப்ப, கூடவே கார்பன் டை ஆக்சைடும் வரும், அது நடுவுல புகுந்து சிஎல் ஓ டூவ நீர்க்க வச்சிடும். இத யோசிச்சவரு கெட்டிக்காரர், ஒரே பொருள் ஒடுக்கியாவும் இருக்கு, காவலுக்கும் இருக்கு.

இவ்ளோ நீர்க்கணும்னு ஏன் சொல்றேன்னா, காத்துல சுமார் 10 சதவீதத்துக்கு மேல போனாலே இது வெடிச்சு சிதைய வாய்ப்பிருக்கு. அதனால சிலிண்டர்ல அடைச்சு லாரில ஏத்தற கதையே கிடையாது, எங்க வேணுமோ அங்கயே செஞ்சு, தண்ணில கரைச்சு, அப்பவே உபயோகப்படுத்தணும்.

பெரிய அளவுல இது போறது காகிதக் கூழ வெளுக்கறதுக்கு. அங்க சோடியம் குளோரேட்ட அமிலத்துல வச்சு சல்ஃபர் டை ஆக்சைடாலயோ மெத்தனாலாலயோ ஹைட்ரஜன் பெராக்சைடாலயோ ஒடுக்குவாங்க. பிளஸ் 5ல இருந்து பிளஸ் 4க்கு இறங்கணும், ஒரே ஒரு படி. அந்த குளோரேட்டு எங்கிருந்து வந்துச்சு? உப்புத் தண்ணில கரண்ட் விட்டு செஞ்சது. ஆக கூலிய கரண்ட் முன்னாடியே கட்டி முடிச்சாச்சு, நம்ம கடைசில ஒரு படி இறங்கி வாங்கிக்கறோம்.

தண்ணி பிளான்ட்ல குளோரேட்டு இல்ல, சோடியம் குளோரைட்டு, அதாவது பிளஸ் 3. இங்க ஒரு படி ஏத்தணும். குளோரின் வாயு விட்டா ரெண்டு குளோரைட்டுக்கு ரெண்டு சிஎல் ஓ டூவும் ரெண்டு உப்பும் வரும், எதுவும் வீண் இல்ல. குளோரின் சிலிண்டர் வேண்டாம்னா ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் போதும், ஆனா அதுல அஞ்சு குளோரைட்டு போட்டா நாலு சிஎல் ஓ டூதான் கிடைக்கும், அஞ்சாவது குளோரைடா கீழ விழுந்து மத்த நாலையும் மேல தூக்கி விட்டுட்டு போயிடும். ஒருத்தன் குனிஞ்சு நிக்க மத்த நாலு பேரு அவன் முதுகுல கால் வச்சு மதில் ஏறுன மாதிரி. நான் வேல பாத்தது இந்த வகை மெஷின்லதான்: ஒரு ஆள் உயர அலமாரி, உள்ள ரெண்டு டோஸிங் பம்பு டக் டக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், ரெண்டு குழாய்லயும் ஏறக்குறைய நிறமில்லாத திரவம், நடுவுல இருக்கற கண்ணாடி ட்யூப்ல அது ரெண்டும் சேர்ந்ததும் கீழ இருந்து மேல பச்சை கலந்த மஞ்சள் ஏறிக்கிட்டே வரும். நிறம் வெளுத்துச்சுன்னா எதோ ஒரு பம்புல காத்து புகுந்திருக்குன்னு அர்த்தம். மீட்டர பாக்கறதுக்கு முன்னாடி ட்யூப்பத்தான் பாப்போம்.

குளோரின் இருக்கறப்ப தண்ணிக்கு சிஎல் ஓ டூ எதுக்கு?

குளோரின் தண்ணியோட வினை புரிஞ்சு வேற ஆள் ஆயிடும், சிஎல் ஓ டூ கரைஞ்சும் சிஎல் ஓ டூவாவே இருக்கும். குளோரின் கரிமப் பொருளுக்குள்ள போய் உக்காந்துக்கும், அதனாலதான் குளோரோஃபார்ம் மாதிரி ட்ரைஹாலோமீத்தேன் எல்லாம் வருது, தண்ணில ஃபீனால் இருந்தா நாத்தம் வேற. சிஎல் ஓ டூ எலக்ட்ரான மட்டும் பிடுங்கிட்டு விட்டுடும். 1944ல நயாகரா ஃபால்ஸ் ஊரு தண்ணி பிளான்ட்ல இத போட ஆரம்பிச்சதே அந்த ருசி, நாத்தப் பிரச்சனைக்குத்தான். 2001ல அமெரிக்க செனட்டோட ஹார்ட் கட்டடத்துல ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமிப் பொடி வச்ச கடிதம் வந்தப்போ கட்டடத்துக்குள்ள புகை போட்டதும் இந்த வாயுதான்.

குறை இல்லாம இல்ல. வேலைய முடிச்சதும் பெரும்பகுதி குளோரைட்டா தண்ணிலயே நிக்கும், அதுக்கும் வரம்பு இருக்கு. அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இபிஏ கணக்குப்படி குடிதண்ணில சிஎல் ஓ டூ லிட்டருக்கு 0.8 மில்லிகிராம், குளோரைட்டு 1 மில்லிகிராம், அதுக்கு மேல கூடாது.

சிஎல் ஓ டூல ஒத்தை எலக்ட்ரான் இருக்குன்னா ரெண்டு மூலக்கூறு ஏன் ஜோடி சேரல?

குளோரின் 7, ஆக்சிஜன் ரெண்டுக்கும் 12, மொத்தம் 19, ஒத்தப்படை. நைட்ரஜன் டை ஆக்சைடும் இதே ஒத்தப்படைதான், அது குளிர்ந்தா ஜோடி சேர்ந்துடும். சிஎல் ஓ டூல அந்த எலக்ட்ரான் ஒரே அணு மேல உக்காராம மூணு அணுலயும் பரவி நிக்குது, ஜோடி சேர்ந்தா கிடைக்கற லாபம் கம்மி. காரத்துல விட்டா மட்டும் பிளஸ் 3ம் பிளஸ் 5ம்மா பிரிஞ்சு குளோரைட்டும் குளோரேட்டும் தரும். "எந்த அமிலத்தோட நீரிலி"ன்னு கேட்டா ரெண்டு அமிலத்தோட கலப்பு நீரிலின்னு எழுதுங்க.

பிளீச்சிங் திரவத்த சூடுல வச்சா ஏன் வீரியம் போயிடுது?

குளிர்ந்த நீர்த்த காரத்துல குளோரின் விட்டா குளோரைடும் ஹைப்போகுளோரைட்டும் வரும், அதுதான் பிளீச். சூடான கெட்டிக் காரத்துல விட்டா குளோரைடும் குளோரேட்டும் வரும். பாட்டில்ல இருக்கற ஹைப்போகுளோரைட்டும் நாளாக நாளாக, சூடு கூடக் கூட, அதே பாதைல போய் குளோரேட்டா மாறிக்கிட்டேதான் இருக்கு, குளோரேட்டு அங்க கிருமியக் கொல்லாது. நிழல்ல வைங்க. அமிலம் கலந்த கிளீனரோட சேர்த்தீங்கன்னா குளோரின் வாயு வரும், அம்மோனியாவோட சேர்த்தா குளோரமின் வரும், ரெண்டும் மூச்சடைக்கும். இத நூறு தடவ சொன்னாலும் தப்பில்ல.

சிஎல் டூ ஓ செவன்ல குளோரின் உச்சத்துல இருக்கே, அதுதானே ரொம்ப ஆபத்து?

அதான் இல்ல, குளோரின் ஆக்சைடுகள்ல கொஞ்சம் நிலையானதே அதுதான். பெர்குளோரிக் அமிலத்துல இருந்து பாஸ்ஃபரஸ் பென்டாக்சைடு குளிர்ல வச்சே தண்ணிய உருவி எடுத்துடும், மிஞ்சறது நிறமில்லாத எண்ணெய் மாதிரி திரவம், கொதிநிலை 82 டிகிரி பக்கம். நிலையானதுன்னு சொன்னேனே தவிர சாதுன்னு சொல்லல, அடிபட்டா வெடிக்கும். சிஎல் டூ ஓ சிக்ஸ்னு சிவப்புத் திரவம் ஒண்ணும் இருக்கு, சிஎல் ஓ டூவோட ஓசோன் சேர்த்து எடுப்பாங்க.

புரோமினப் பத்தி யாருமே பேசமாட்டேங்கறாங்களே?

ஆக்சைடுகள் பேசற அளவுக்கு நிக்கறதில்ல. புரோமின் ஆவிய மெர்க்குரிக் ஆக்சைடு மேல விட்டு வர்ற பிஆர் டூ ஓவே மைனஸ் 40க்கு மேல தாக்குப் பிடிக்காது.

ஆனா பெர்புரோமேட்டு கதை அருமையானது. பெர்குளோரேட்டு இருக்கு, பெர்அயோடேட்டு இருக்கு, நடுவுல பெர்புரோமேட்டு மட்டும் யாருக்கும் கிடைக்கல, அது ஏன் இருக்கவே முடியாதுன்னு காரணம் சொல்லி கட்டுரைகளும் வந்துச்சு. 1968ல அமெரிக்காவோட ஆர்கான் ஆய்வகத்துல எவான் ஆப்பெல்மன் கொல்லைப்புறமா புகுந்தாரு. செலினேட்டுல கதிரியக்க செலினியம்-83ஐ வச்சாரு, அது பீட்டா சிதைவுல, அதாவது கருவுல இருந்து ஒரு எலக்ட்ரான் வெளிய போய், தானே புரோமின்-83 ஆகும், சுத்தி இருக்கற நாலு ஆக்சிஜனும் அப்படியே இருக்கும், நடு அணு மட்டும் மாறிப் போச்சு, பெர்புரோமேட்டு! ஒருதடவ இருக்குன்னு தெரிஞ்சதும் மத்த வழியும் திறந்துச்சு, செனான் டைஃப்ளூரைடால முடிஞ்சுது, அப்புறம் காரக் கரைசல்ல இருக்கற புரோமேட்டுக்குள்ள ஃப்ளூரின் விட்டே செய்ய முடிஞ்சுது. இதே ஆப்பெல்மன்தான் 1971ல ஸ்டூடியரோட சேர்ந்து பனிக்கட்டி மேல ஃப்ளூரின் விட்டு ஹெச் ஓ எஃப், அதாவது ஹைப்போஃப்ளூரஸ் அமிலம் எடுத்தது.

அயோடின் ஆக்சைடு மட்டும் ஏன் வெள்ளைப் பொடியா சாதுவா இருக்கு?

ஐ டூ ஓ ஃபைவ் உருவாகறப்ப மோலுக்கு சுமார் 158 கிலோஜூல் வெளிய வருது, உள்ள போறதில்ல. மொத்த கூட்டத்துல பள்ளத்துல நிக்கற ஒரே ஆள். அயோடின புகையும் நைட்ரிக் அமிலத்துல கொதிக்க வச்சா அயோடிக் அமிலம், அத 200 டிகிரிக்கு மேல சூடு பண்ணா தண்ணி போய் ஐ டூ ஓ ஃபைவ். சுமார் 300 டிகிரி வரைக்கும் தாங்கும், அப்புறம் அயோடினும் ஆக்சிஜனுமா பிரியும்.

கார்பன் மோனாக்சைட அளக்க இது நல்ல கருவி. வெள்ளைப் பொடி அடைச்ச குழாய சூடா வச்சு வாயுவ விட்டா அஞ்சு கார்பன் மோனாக்சைடுக்கு ஒரு அயோடின் மூலக்கூறு விடுபடும். குழாயோட மறுமுனைல ஊதா ஆவி தலை நீட்டறப்ப பாத்திருக்கேன், நிறமும் இல்லாம மணமும் இல்லாம ஆள கொல்ற வாயு இப்படி நிறம் காட்டி மாட்டிக்குது. அந்த அயோடின தயோசல்ஃபேட்டால டைட்ரேட் பண்ணா, அதாவது எவ்ளோ ஊத்துனா அயோடின் தீருதுன்னு அளந்தா, கணக்கு கைல.

ஓசோன் ஓட்டைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சிஎல் ஓ, ஒரே ஒரு குளோரின், ஒரே ஒரு ஆக்சிஜன். பாட்டில்ல அடைக்க முடியாது, ஆனா வானத்துல அது வேலை பாக்குது. சிஎஃப்சி, அதாவது பழைய ஃப்ரிட்ஜ், ஸ்ப்ரேல இருந்த குளோரோஃப்ளூரோகார்பன் வாயு, மேல போய் புற ஊதால உடைஞ்சு குளோரின் அணு வருது, அது ஓசோன் கிட்ட இருந்து ஒரு ஆக்சிஜன பிடுங்கி சிஎல் ஓ ஆகுது, அது ஒரு தனி ஆக்சிஜன் அணுவ பாத்ததும் குடுத்துட்டு மறுபடி குளோரின் ஆயிடுது. 1974ல மொலினாவும் ரோலண்டும் சொன்னது இது, 1995ல க்ரூட்ஸனோட சேர்த்து நோபல் குடுத்தாங்க. அன்டார்டிகா மேல தனி ஆக்சிஜன் அணு குறைவு, அங்க ரெண்டு சிஎல் ஓ ஜோடி சேருது, வசந்தகால வெயில் பட்டதும் ஜோடி உடைஞ்சு குளோரின் அணு திரும்பி வருது. 1987ல நாசாவோட ஈஆர்-2ங்கற ரொம்ப உயரத்துல பறக்கற ஆய்வு விமானம் ஓட்டைக்குள்ளயே பறந்து அளந்தப்போ சிஎல் ஓ ஏறுன இடத்துல எல்லாம் ஓசோன் இறங்கியிருந்துச்சு. இங்க கூலி குடுக்கறது யாருன்னு கேட்டீங்கன்னா, ஓசோன்.

குளோரைட்டுல அமிலம் கலந்து குடிச்சா நோய் தீரும்னு ஒரு வீடியோ பாத்தேன், உண்மையா?

பொய். "மிரக்கிள் மினரல் சொல்யூஷன்"னு விக்கறது சுமார் 28 சதவீத சோடியம் குளோரைட்டு, கூட ஒரு பழ அமிலம் கலக்கச் சொல்வாங்க, வர்றது நான் மேல சொன்ன அதே சிஎல் ஓ டூ. அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2010லயும் 2019லயும் எச்சரிச்சிருக்கு, கடுமையான வாந்தி, வயித்துப்போக்கு, ரத்த அழுத்தம் ஆபத்தா இறங்கறதுன்னு. பிளான்ட்ல அந்த அலமாரி கதவ திறக்கறதுக்கே முகமூடி போடணும், காத்துல அனுமதிச்ச அளவு பத்து லட்சத்துல 0.1 பங்குதான். குடிச்சு தொலைச்சிட்டாங்கன்னா வாந்தி எடுக்க வைக்காதீங்க, பாட்டிலோட நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.